முள் யோசிக்கும் நேரம்

கொழுந்தனின் கட்டைவிரல் நகத்தை டாக்டர் அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். வெளுத்த நகம் வெளுத்தபடியே இருந்தது, ரத்தம் திரும்பி ஏறவில்லை. விரல்கள் எல்லாமே சில்லிட்டுப் போயிருந்தன. கைக்கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைப்பவன் அவன். அந்த விரல்கள் போய்விட்டால் அவனுக்கு வேறு என்ன தெரியும்?

"என்ன சாப்பிட்டான்னு தெரியாம கண்ணை மூடிட்டு மருந்து ஏத்த முடியாதும்மா. உங்க லேப்லயே பாத்துச் சொல்லுங்க" என்றார். அதே மருத்துவமனையின் ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை.

அவன் சட்டைப்பையில் சுண்டுவிரல் நகமளவு காகிதத் துண்டு ஒன்று மிச்சமிருந்தது. கூட வந்த சிநேகிதன் வாசலில் நின்று உளறிக்கொட்டினான். "போதை மருந்துல ஊறவெச்ச காகிதம்க்கா. ஒண்ணை நாக்குல வெச்சான். ரொம்ப நேரம் ஒண்ணுமே ஆகல. ஏமாத்திட்டாங்கடான்னு இன்னொண்ணையும் போட்டுட்டான்." நாளைக்கு வாங்க, நாளன்னிக்கு வாங்க என்று கடைக்கு வருகிறவர்களையெல்லாம் காக்கவைக்கிற மகராசனுக்கு, ஒரு காகிதத்துக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லை.

காகிதத்தைக் கரைத்தேன். குழாயில் வெறும் தண்ணீர்போலத்தான் தெரிந்தது. இயந்திரத்துக்குள் செலுத்தியதும் திரையில் ஒரு கோடு விறுவிறுவென்று எழும்பி நின்றது. டி.ஓ.பி. ஆம்பெட்டமின் என்ற போதைமருந்துக் குடும்பத்தில் அதிகம் பேர் கண்டிராத பிள்ளை. சாவகாசமாக ஏறும், ஏறினால் ஒரு நாளானாலும் லேசில் இறங்காது, ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காகிதத்தில் ஊறியிருந்தது ஓர் உப்புக்கல்லின் அளவுகூடத் தேறாது. அது போய் ஓர் ஆளை, அவன் கண்ணை, காதை, காலத்தை எல்லாம் கலைத்துப்போட்டிருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதோடு சேர்ந்து ஆத்திரமும் வந்தது.

டாக்டரிடம் ஓடிச் சொன்னேன். ரத்தக்குழாயை விரிக்கும் மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். வராந்தாவில் என் கணவர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"இனிமே அவன் ஸ்க்ரூ பிடிப்பானா?"

"தெரியலங்க."

கட்டிலருகே உட்கார்ந்து அவன் கையை என் கைகளுக்குள் பொத்திக்கொண்டேன். அவன் கண்களில் கருமணி அகலமாக விரிந்திருந்தது. என் கைக்கடிகாரத்தையே பார்த்தான். அவனே பேட்டரி மாற்றிக் கொடுத்த பழைய கடிகாரம்.

"அண்ணி, இந்த முள்ளு ஒவ்வொரு தடவையும் யோசிச்சுட்டுதான் அடுத்த அடி வைக்குது. இத்தனை வருஷமா இதையா நான் தெறந்து மூடிட்டிருந்தேன்?" கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"பேசாம படுடா" என்றேன். திட்டத்தான் நினைத்தேன். ஆனால் நானும் முள்ளைப் பார்த்தேன். நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. தினமும் மணி பார்க்கிற எனக்கு இது ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

அவன் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். வெளுப்பு அப்படியே இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நகத்தின் அடியோரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு சிவப்பு வந்து நின்றது. மேலே ஏறுமா என்று இருவருமே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில், என் மணிக்கட்டில், முள் யோசித்துக்கொண்டிருந்தது.