மலைச்சாமி எழுதின நாப்பத்தாறு

பேய் பிசாசுன்னு எவனாவது பேசினா எனக்குக் கெட்ட கோவம் வரும். கெமிஸ்ட்ரி படிச்சவ நான். ஆனா மத்தியானம் மூணு மணிக்கு, பளீர்னு வெயிலடிக்கிறப்ப, ஆளில்லாத லேப்ல உலை மூடி மேல ஸ்பேனரால ரெண்டு தட்டு கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? டங், டங். அச்சு அசலா மலைச்சாமி தட்டுற மாதிரியே. அவர் செத்து ஒரு மாசம் ஆச்சு.

மலைச்சாமி எங்க லேப் அசிஸ்டென்ட். அவனியாபுரத்தைத் தாண்டி இருக்கிற காலேஜ்ல நான் பிஎச்டி பண்றேன். பருத்தி எடுத்து முடிச்ச காட்டுல மிஞ்சி நிக்கிற குச்சியை, அதான் பருத்திமாரை, பொடியா நறுக்கி, காத்துப் படாம ஐநூறு டிகிரிக்குச் சூடேத்தினா புகை வரும். அந்தப் புகையைக் குளிர வச்சா கருப்பா எண்ணெய் சொட்டும். அம்புட்டுதான் என் ஆராய்ச்சி. கேக்க ஈசியா இருக்கும். மூணு வருஷமா எந்த ஷாம்பு போட்டாலும் என் தலைமுடியில கருகல் வாசனை போகல.

மார் கொண்டு வர்றது, நறுக்குறது, எடை போட்டு நோட்டுல எழுதுறது எல்லாம் அவர் வேலை. உலையைப் போடுறதுக்கு முன்னாடி மூடியில ரெண்டு தட்டு தட்டுவார். எதுக்குன்னு நான் கேட்டதே இல்லை. "மலைச்சாமி, சீக்கிரம்"னுதான் சொல்வேன். அவருக்கு எங்கப்பா வயசு.

நூறு கிராம் மாருக்கு நாப்பத்தாறு கிராம் எண்ணெய். அவர் நோட்டுல எப்பவும் அதுதான். அதை நம்பிப் பேப்பர் எழுதி அனுப்பிட்டேன். தை மாசம் அவர் நாலு நாள் லீவு போட்டார், லேப்ல இருந்த மாரும் தீந்துபோச்சு. அவர் மார் எடுக்கிற அதே காட்டுல இருந்து ஒரு லோடு ஆட்டோவுல இறக்கி, நானே நறுக்கி ஓட்டினேன். முப்பத்தொம்போது. மூணு தடவை ஓட்டியும் அதைத் தாண்டல.

எனக்குக் கோவம் தலைக்கேறிருச்சு. அவர் லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கு, நாலு பேர் நிக்கிறப்பவே கேட்டேன்.

"பொய் எடை எழுதி என் வாழ்க்கையையே நாசம் பண்ணிட்டீங்களே மலைச்சாமி. எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?"

ஸ்பேனரைத் துடைச்சு ஆணியில மாட்டினார். "எடை சரியாத்தான் மேடம் இருந்துச்சு"ன்னார். அஞ்சாவது நாள் நெஞ்சு வலி, வீட்டுலயே போயிட்டார். நான் எழவுக்குக்கூடப் போகல.

கைடு வெங்கட்ரமணன் சார் கறாரா சொல்லிட்டார். "நாப்பத்தாறைத் திரும்ப எடுத்துக் காட்டு பிருந்தா. இல்லேன்னா அசிஸ்டென்ட் எடையில தில்லுமுல்லு பண்ணிட்டான்னு எழுதிக் குடுத்துட்டு, பேப்பரை வாபஸ் வாங்கு. உன் மூணு வருஷமும் போச்சுன்னு வச்சுக்கோ."

லெட்டரை டைப் அடிச்சு வச்சுட்டேன், கையெழுத்துதான் பாக்கி. தட்டுச் சத்தம் ஆரம்பிச்சது அன்னைக்குத்தான்.

மூணாவது தடவையும் கேட்டுச்சு. ஏன்னு தெரியல, ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அவர் கையெழுத்துல லேபிள் ஒட்டின பாட்டில் ஒண்ணு பின்னாடி இருந்துச்சு. நான் எடுத்த எண்ணெயெல்லாம் ஒரு வாரத்துலயே மேல தண்ணி, அடியில தாருன்னு பிரிஞ்சு கெடக்கு. அவரோடது பிரியவே இல்லை. ரெண்டையும் மெஷின்ல ஏத்தினேன். எண்ணெயில என்னென்ன சத்து இருக்குன்னு கோடு போட்டுக் காட்டுற மெஷின் அது. சர்க்கரைச் சத்துக்கான கோடு என் எண்ணெயில குட்டையா இருக்கு, அவரோடதுல உச்சிக்குப் போகுது. நோட்டுல எடையைப் பொய்யா எழுதலாம். இந்தக் கோட்டை எவனாலயும் பொய்யா எழுத முடியாது. ஐயோ, அந்த மனுசன் திருடல.

மறுநாள் பஸ் ஏறித் திருமங்கலம் தாண்டி அவர் ஊருக்குப் போனேன். அவர் பொண்டாட்டி சுந்தரம்மாள் தண்ணி குடுத்தாங்க. அவர் மாரை என்ன பண்ணுவார்னு கேட்டேன்.

"மூணு தண்ணி ஊத்தி அலசுவாரும்மா. தொட்டியில ஊறப்போட்டு, அலசி, மாடியில காயவச்சுத்தான் மூட்டை கட்டுவாரு. அவரு தங்கச்சி செல்லக்கிளி அந்தக் காட்டுல மருந்தடிக்கப் போயித்தான் நொரை தள்ளிச் செத்துச்சு. அந்த வெசம் மாருல ஒட்டியிருக்கும், லேப்ல அந்தப் படிக்கிற பிள்ளை புகையை மூஞ்சியில வாங்குதேன்னு பெனாத்திக்கிட்டே கெடப்பாரு."

அலசினா மாருல இருக்கிற உப்பு போயிரும். உப்பு போனா எண்ணெய் கூடும். இம்புட்டுப் படிச்ச எனக்கு இது ஒறைக்கல. அவர் ஏன் என்கிட்ட சொல்லலைன்னு நான் கேக்கவே முடியாது. 'சொன்னதுக்கு மேல எதுலயும் கை வைக்கக் கூடாது, வச்சா வேலை இல்லை'ன்னு மொத நாளே சுவத்துல எழுதி ஒட்டினவ நான்தானே.

"கடைசி நாலு நாளும் அவருக்குச் சோறு எறங்கலம்மா," சுந்தரம்மாள் என் மூஞ்சியைப் பாத்தே கேட்டாங்க. "காலேஜ்ல யாரும் எதுவும் சொன்னாங்களா?"

"இல்லையே"ன்னேன். நாக்கு கூசாமச் சொன்னேன்.

அந்தம்மா எந்திரிச்சு உள்ள போனாங்க. ஒரு சாக்கு மூட்டையை இழுத்துட்டு வந்து என் காலடியில வச்சாங்க.

"நீ திருடன்னு சொன்ன மறுநா அலசினது. இன்னும் எதுக்குய்யா அவளுக்குன்னு சண்டை போட்டேன். 'அதுக்கு வாய்தான் பொல்லாதது, நெஞ்சுக்கூடு என்ன பாவம் பண்ணுச்சு'ன்னாரு. எடுத்துட்டுப் போ."

அந்த மூட்டையை மடியில வச்சுக்கிட்டு பஸ்ல வழி முழுக்க அழுதேன். மறுநாள் அதை ஓட்டினேன். நாப்பத்தாறு புள்ளி மூணு. லெட்டரைக் கிழிச்சுப் போட்டுட்டு, சார்கிட்ட நடந்ததை எல்லாம் சொன்னேன். பேப்பர்ல மலைச்சாமி பேரும் வரணும்னேன். "பாக்கலாம்"னார். "பாக்கலாம் இல்ல சார், வரணும்"னேன்.

தட்டுச் சத்தம் நிக்கல. நேத்தும் மூணு மணிக்குக் கேட்டுச்சு. ஆனா இப்பல்லாம் "மூணு தண்ணி அலசிட்டேண்ணே"ன்னு பதில் சொல்லிட்டுத்தான் சுவிட்சைப் போடுறேன்.