கை தூக்காத மாப்பிள்ளை

எங்கள் மகள் நஜீஹாவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை ராஜிக் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு பொம்மைத் துப்பாக்கியால்தான். சிரிக்காமல் கேளுங்கள்.

தொண்ணூற்று மூன்றில் என் வீட்டுக்காரர் நெய்னா முகம்மது ஷார்ஜா ரோலாவில் பொம்மைக் கடை வைத்திருந்தார். பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கிகள் பெட்டி பெட்டியாக வரும். வியாழக்கிழமை மஃரிப் தொழுததும் என் மகன் அஸீமும், ஷார்ஜாவிலேயே ரூம் எடுத்து வேலை பார்த்த ராஜிக்கும், மற்றக் கூட்டாளிகளும் எங்கள் கோடவுனில் விளக்கை அணைத்துவிட்டு விளையாடுவார்கள். முகத்தில் பெரிய கண்ணாடி, துப்பாக்கிக்கு அடியில் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிய டார்ச். வெளிச்சம் அடித்துச் சுட்டதும் அணைத்துவிட்டு இடம் மாறவேண்டும். இல்லாவிட்டால் அந்த வெளிச்சத்தைப் பார்த்தே அடுத்தவன் சுட்டுவிடுவான். குண்டு பட்டதா என்பது பட்டவனுக்குத்தான் தெரியும். அவனாகவே “கலாஸ்”, அதாவது ‘முடிந்தது’ என்று அரபியில் கத்தி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, மற்றவர்களின் டார்ச் வெளிச்சத்தில் வெளியே வரவேண்டும்.

“ராஜிக் மச்சான அடிக்கவே முடியாது உம்மா. ஒரு வாட்டிகூட கலாஸ் ஆனதில்ல,” என்றான் அஸீம்.

ஒரு வாட்டிகூடவா? எனக்கு உறுத்தியது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நிச்சயம். யாரும் பார்க்காத இடத்தில் பொய்யாக நடக்கிறவனுக்கா பெண்ணைக் கொடுப்பது?

“வெளையாட்டுலயும் குத்தமா? நீ போலீஸ் வேலைக்குப் போயிரு புள்ள,” என்றார் வீட்டுக்காரர்.

அந்த வியாழக்கிழமை நான் சமோசாவும் டீயும் எடுத்துக்கொண்டு கோடவுனுக்குப் போய், கரடி பொம்மைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அஸீமின் டார்ச் மின்னியது. எனக்குப் பக்கத்திலேயே ராஜிக். அஸீம் சுட்டான். குண்டு ராஜிக்கின் கண்ணாடியில் டக்கென்று பட்டதை என் கண்ணால் பார்த்தேன். அவர் மூச்சுகூட விடாமல் நகர்ந்துபோய் அஸீமைச் சுட்டார். அஸீம்தான் “கலாஸ்” என்றான்.

ஆட்டம் முடிந்ததும் ராஜிக்கைத் தனியே கூப்பிட்டேன்.

“தம்பி, மெய்யாச் சொல்லுங்க. பட்டுச்சா இல்லியா?”

“பட்டுச்சு மாமி.”

“பொறவு ஏன் வெளிய வரல?”

கையிலிருந்த சமோசாவை அவர் தின்னவே இல்லை. “வெளிச்சத்துல கையத் தூக்கிட்டு வரமுடியல மாமி. குவைத்துல சண்டை வந்தப்ப, ஃபர்வானியாவுல எங்க ரூம் ஆளுங்கள ஈராக் பட்டாளத்துக்காரங்க அப்படித்தான் டார்ச் அடிச்சு, கையத் தூக்கிட்டு வெளிய வரச் சொன்னாங்க. எனக்கு முன்னாடி போனவன் திரும்பி வரல.”

“சண்டை நேரத்துல நீங்க லீவுல ஊர்ல இருந்ததா ஒங்க உம்மா சொன்னாங்களே?”

“அப்படித்தான் எல்லாருகிட்டயும் சொல்லுது. பயந்தவன்னு தெரிஞ்சா பொண்ணு கெடைக்காதாம்.”

“அப்ப எதுக்குத் தம்பி இந்த வெளையாட்டு?”

“வெளையாடி வெளையாடி பயம் போயிரும்னு நெனச்சேன்.”

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டிக்கொண்டதும் கதை கட்டுகிறானோ என்று எனக்கு இன்னும் சந்தேகம் இருந்தது.

“கதை கட்டுறவரு வீரத்தையில்ல உம்மா சொல்லுவாரு,” என்றாள் நஜீஹா. “ஆனா ஒங்ககிட்ட சொன்னா போதாது. எங்கிட்ட சொல்லணும்.”

நிச்சயத்துக்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் பேசுவது எங்களில் வழக்கமில்லை. இருந்தும் நானே அவர் ரூமுக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டு, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இவளிடமிருந்து “ம்” தவிர ஒன்றும் வரவில்லை. அங்கே அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமைக்கு அவங்க வீட்டுலேர்ந்து எத்தன பேரு வருவாங்க உம்மா?”