நாலாவது பெயர்
பல்லாவரம் ஷூ கம்பெனி வாசலில் எம்.எல்.ஏ. தபீதாளின் கார் வந்து நின்றபோது, வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அதில் வருத்தமில்லை. இதே கம்பெனியில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டி, யூனியன் கட்டி, எம்.எல்.ஏ. ஆனவள். பெரிய மனிதர்களைக் கண்டால் எழுந்து நிற்காதீர்கள் என்று அந்தக் காலத்தில் முழங்கியதே அவள்தான்.

உள்ளே ஜி.எம். பத்ரிநாராயணன் காத்திருந்தார். போராட்டத்தைத் தூண்டியதாக நாலு பெண்களை வேலையை விட்டு நீக்கியவர் அவர். நாலு பேரையும் திரும்ப எடுத்தால்தான் மற்றவர்கள் வேலைக்கு வருவார்கள். யூனியன் செயலாளர் ஜென்சி எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்த நாலு பேரில் அவளும் ஒருத்தி.

டீ வந்தது. பேச்சு மும்முரத்தில் பாதியைக் குடித்த பிறகுதான் தபீதாள் கவனித்தாள், ஜென்சியின் டீ அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை கம்பெனி டீயைத் தொடுவதில்லை என்பது யூனியன் வழக்கம். தபீதாளுக்குச் சுருக்கென்றது.

"குடிங்கக்கா. நீங்க இப்ப கவர்மெண்ட்டு தானே" என்றாள் ஜென்சி.

"ஆமா, கவர்மெண்ட்டுதான்" என்று மிச்சத்தையும் குடித்து முடித்தாள் தபீதாள். வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. தேர்தல் நெருங்குகிறது, விவகாரத்தைச் சீக்கிரம் முடி என்று கட்சித் தலைமை உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஜி.எம். இறங்கி வந்தார். "மூணு பேரை எடுத்துக்கறேன் மேடம். ஜென்சி மட்டும் வேண்டாம். இன்னிக்கே சைன் பண்ணிடலாம்."

ஜென்சியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், "அவங்க மூணு பேருக்காவது வேலை கிடைக்கட்டும். ஒத்துக்கோங்கக்கா" என்றாள்.

தபீதாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், உங்களுக்கு முந்தி இருந்த ஜி.எம்.மும் இதையேதான் செஞ்சார். எல்லாரையும் எடுத்துக்கிட்டு என்னை மட்டும் வெளிய நிறுத்தினார். வேலை இல்லாதவ என்ன பண்ணுவா? தெருத்தெருவா போய் ஜனங்க பிரச்னையைப் பேசினேன். அப்படித்தான் எம்.எல்.ஏ. ஆனேன். உங்களுக்கு இன்னொரு எம்.எல்.ஏ. வேணுமா?"

பத்ரிநாராயணன் ஜென்சியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாலாவது பெயரையும் சேர்த்து டைப் செய்யச் சொன்னார்.

வெளியே வந்ததும் ஜென்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப தேங்க்ஸ்க்கா. ஆனா வேலைல இருந்துகினே எலெக்‌ஷன்ல நிக்கலாம். இந்தத் தபா நான் நிக்கப்போறேன்."

"எனக்கு எதிராவா?"

"ஆமாக்கா."

தபீதாள் இதை எதிர்பார்க்கவில்லை. அதைக் காட்டிக்கொண்டால் அவள் தபீதாள் இல்லை.

"தாராளமா நில்லு. உனக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான்தான்னு வூடு வூடா போய் ஓட்டு கேப்பேன்" என்றாள்.