அடிக்கக் கூடாத R

"ரெண்டு பக்கமும் ஒரே R தானேம்மா இருக்கு. அடிச்சிடலாமா?" என்று பலகையிலிருந்த சமன்பாட்டைக் காட்டிக் கேட்டார் பேராசிரியர்.

போன தடவை இதே கேள்விக்கு அவள் இரண்டு R-ஐயும் சட்டென்று அடித்துவிட்டுத்தான் மாட்டிக்கொண்டாள். எண்களில் அப்படி அடிக்கலாம், மாட்யூல் என்ற இயற்கணித அமைப்புகளில் எப்போதும் முடியாது. அந்த ஒரு கோட்டில் பட்டப்படிப்பில் சேரும் வாய்ப்பு கைநழுவியது. இன்று இரண்டாவது வாய்மொழித் தேர்வு, வேலை முடித்து வந்த மாலை வகுப்புக்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்க. மூன்றாவது கிடையாது. காலையில் அண்ணி, தெரியாததைத் தெரியாது என்று சொல், தெரிந்ததை மென்று முழுங்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"கூடாது சார்."

"ஏன்?"

மனப்பாடம் செய்ததா, புரிந்ததா என்று அவளுக்கே சந்தேகம். கை தானாக ஒரு பந்தை வரைந்தது. பகலில் அவள் வேலை பார்ப்பது பொம்மைப் பட்டறையில். பொம்மைக்கான ரோமப் பந்தை எப்படிப் படியச் சீவினாலும் எங்காவது ஒரு சுழி விழுந்துகொண்டே இருந்தது. உனக்குக் கவனம் போதாது என்று மேஸ்திரி ஒரு வாரம் திட்டித் தீர்த்தார். அவளும் அதை நம்பினாள், எந்தப் பந்தையும் சுழி இல்லாமல் சீவ முடியாது என்று பாடத்தில் வரும்வரை.

"இந்தப் பந்து மேல இருக்கிற தொடர்ச்சியான சார்புகள்தான் வளையம், R. பந்தோட ஒட்டிப் படுத்திருக்கிற அம்புகள் எல்லாம் ஒரு மாட்யூல், P. நேரா வெளியே நிக்கிற அம்புகளையும் சேர்த்தா மூணு R ஆயிடும். அதாவது P கூட ஒரு R சேர்த்தாலும், ரெண்டு R கூட ஒரு R சேர்த்தாலும் ஒண்ணுதான். ஆனா P மட்டும் ரெண்டு R ஆகாது. ஆச்சுன்னா, எங்கயும் பூஜ்யமாகாம அம்புகளைப் படுக்க வைக்கலாம். நான் சீவிப் பாத்துட்டேன் சார், சுழி விழுந்தே தீருது."

பின்வரிசை சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை.

"சீவிப் பாத்தது நிரூபணமா?"

"இல்ல சார்," என்று திரும்பி எழுத ஆரம்பித்தாள். அப்படி ஓர் அம்பு எங்கும் இருந்தால், ஒவ்வொரு புள்ளியையும் அது காட்டும் திசையில் நகர்த்தி எதிர்முனைக்குக் கொண்டுபோய்விடலாம். இப்படி மெல்ல நகர்த்தும்போது மாறவே கூடாத ஓர் எண், நகர்த்தும் முன் ஒன்று, நகர்த்திய பின் மைனஸ் ஒன்று. அப்போது ஒன்றும் மைனஸ் ஒன்றும் சமமாகிவிடும், அது நடக்காது. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சரிபார்த்தாள்.

பேராசிரியர் பேனாவை மூடினார். "இனி பகல்லயும் வகுப்பு இருக்கும். பட்டறைக்கு என்ன சொல்லப் போற?"

அது கேள்வி இல்லை, தேர்ச்சி என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுதியதை அழிக்கப் போனாள்.

"இரு தங்கச்சி," என்றார் பின்வரிசை வெல்டர், தலை நிமிராமல். "நான் இன்னும் பாதிகூட எழுதல."

டஸ்டரைப் பிடித்தபடி அவள் பலகை ஓரமாக ஒதுங்கி, பின்வரிசைக்குப் பலகை தெரியும்படி நின்றாள்.