அஞ்சலிப் பலகையில் ஒரு பெயர்

அன்று காலை முத்துராணிக்கு ஐயம்பெருமாள்தான் சடை போட்டுவிட்டார். வழக்கமாக அது அவர் மனைவி பேச்சித்தாயின் வேலை. அவள் சாளை மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தக் கையோடு பிள்ளையின் தலையைத் தொட முடியாது. அவர் சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, வால்வு திருகுகிற கையால் பச்சை ரிப்பனை இறுக்கி முடிந்தார்.

"மாமா, ஒரு சடை மேல நிக்கி. ஒண்ணு கீழ கெடக்கு."

"பள்ளிக்கூடம் போய்ச் சேருததுக்குள்ள சரியாயிரும்."

"நடந்தா சடை எப்படிச் சரியாவும்?"

"அப்ப ஓடு."

பேச்சித்தாய் சிரித்தாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். சேரன்மகாதேவியில் ஆற்றோரத்து நீரேற்று நிலையில் அவருக்குப் பதினெட்டு வருஷ வேலை. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் விட வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

அன்றைக்கு அவர்கள் தெருவில் தண்ணீர் வந்தது, நிற்கவில்லை. குடங்கள் நிறைந்து, தொட்டிகள் நிறைந்து, சாக்கடையில் நல்ல தண்ணீர் ஓடியது. "என்ன மதினி, அண்ணாச்சி உறங்கிட்டாவளா?" என்று எதிர்வீட்டுக்காரி கேலி செய்தாள். பேச்சித்தாயும் அப்படித்தான் நினைத்தாள். பதினொரு மணிக்கு ஆள் வந்து சொன்னார்கள். வால்வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்ததாம். நெஞ்சு என்றார் டாக்டர்.

முத்துராணி அவர்கள் பெற்ற பிள்ளை அல்ல. தத்தெடுத்த பிள்ளையும் அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன், அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டு அவர்களிடம் வளர்க்கக் கொடுத்தது. பெற்ற தாய் மனநல சிகிச்சையில் இருந்தாள். தாய் தேறினால் பிள்ளை திரும்பிப் போகலாம் என்பதால் தத்துக் கொடுக்க வழியில்லை. இடையில் பிள்ளையை வைத்திருந்த தாய்மாமன் செங்கல் சூளையில் அவளை வேலைக்கு விட்டு, அடித்தும் இருக்கிறான். வலது முழங்கை நேராக நீளாது. பிள்ளை எந்த ஊரில் இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியக் கூடாது. இது குழுவின் முதல் நிபந்தனை.

இந்த நிபந்தனையை ஐயம்பெருமாளும் பேச்சித்தாயும் உறவில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று சொன்னால், "அப்ப உங்க பிள்ளை இல்லையா, என்னைக்கி வேணும்னாலும் வந்து கூட்டிட்டுப் போயிருவாவளா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து, கேட்டவர்களுக்கெல்லாம் அவர், "என் மகதான், வளப்பு மக" என்று சொல்லி முடித்துவிடுவார். வளர்ப்பு மகள் என்றால் ஊரில் தத்துப் பிள்ளை என்றுதான் அர்த்தம். அந்த ஒரு சொல்லில் அவர்கள் இரண்டு வருஷம் சௌகரியமாக ஒளிந்திருந்தார்கள்.

அவருடைய தம்பி மகாராஜன் மட்டும் அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளவில்லை. சிமெண்டுக் கடை வைத்திருப்பவன். தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் குடும்பத்துப் பொடியன்கள் பேரையெல்லாம் வரிசையாகப் போட்டுவிட்டு முத்துராணி பேரை விட்டுவிட்டான். அண்ணன் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில், உறவுப் பெண்கள் எழுவதற்கு முன், பேச்சித்தாய் பால் வாங்கத் தெருமுனைக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தாள். பத்தடி உயரத்தில் பிளக்ஸ். கண்ணீர் அஞ்சலி. நடுவில் ஐயம்பெருமாள், கோயில் கொடை விழாவில் எடுத்த படம். அதற்குக் கீழே, 'ஆறாத்துயரில்: மனைவி பேச்சித்தாய், மகள் முத்துராணி' என்று எழுதி, பிள்ளையின் சிரித்த முகமும் வட்டத்துக்குள் இருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில், 'மகாராஜன் அண்ட் பிரதர்ஸ், சிமெண்ட் வியாபாரம்'.

பால் பாத்திரத்தோடு அவள் வெகுநேரம் நின்றாள். மகள் என்ற எழுத்தை அவள் அச்சில் பார்ப்பது அதுவே முதல் தடவை. அந்த மூன்று நாளில் அவள் அடைந்த ஒரே ஆறுதல் அதுதான். கொழுந்தனை நினைத்து அவள் அங்கேயே கண்ணைத் துடைத்தாள்.

மத்தியானம் லூசி வந்தாள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலை, புன்னக்காயல் பெண். மாதாமாதம் வந்து பிள்ளையின் உயரம், எடை, பள்ளி நோட்டு எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டு போவாள். துக்கம் விசாரிக்க வந்தவள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"அக்கா, பஸ் ஸ்டாண்டுல பிளக்ஸ் பாத்தேன்."

"கொழுந்தன் வச்சிருக்காவ. பிள்ளை பேரையும் போட்டிருக்காவ, பாத்தியளா?"

லூசியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் பேச்சித்தாய்க்கு உறைத்தது. பால் வாங்கப் போனபோது உறைக்கவில்லை.

"படமும் பேரும் ஊர் பேரும் ஒண்ணா வெளிய வரக் கூடாது அக்கா. சட்டமே இருக்கு. அந்த மாமன் பாத்தான்னா?"

"இப்ப என்ன செய்யணும்?"

"நான் குழுவுக்கு எழுதித்தான் ஆகணும். எழுதாம விட்டா அது பிள்ளைக்குச் செய்யுத துரோகம். வியாழக்கிழமை கூப்பிடுவாங்க."

"பிள்ளையைக் கொண்டு போயிருவாவளா?"

"உங்களைக் கேக்காம கொண்டுபோக மாட்டாங்க. உங்க பக்கத்தைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. எழுதியும் கொடுக்கலாம். அண்ணன் இல்லாததால பிள்ளையை எடுத்துருவாங்கன்னு நினைக்காதீங்க. இப்ப தனியா இருக்கிற பெண்ணும் வளக்கலாம்னு விதி இருக்கு." லூசி பையை மூடினாள். "ஆனா இந்த வீட்ல பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லைன்னு குழு நெனச்சா, வேற இடத்துக்கு மாத்தலாம். அதையும் நான் உங்களுக்குச் சொல்லணும்."

மகாராஜனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள் பேச்சித்தாய். அவன் முதலில் கோபப்பட்டான்.

"நல்லா இருக்கு மதினி. பேரைப் போடலைன்னா அண்ணனுக்கு வருத்தம். போட்டா கவர்மெண்டுக்கு வருத்தம். நான் எங்கன போய் முட்ட?"

"உங்க மேல தப்பில்ல. நாங்க சொல்லாததுதான் தப்பு."

"எத்தனை வருசம் வே இதை மறைச்சு வச்சிருந்திய?" என்றான், இறந்த அண்ணனின் படத்தைப் பார்த்து. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மொத்தம் ஏழு பிளக்ஸ். பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையச் சாலை, தெருமுனை, கடை வாசல், தண்ணீர்த் தொட்டி, பாலத்தடி. ஆறும் சாயங்காலத்துக்குள் கழன்றுவிட்டன. ஏழாவது, முக்கூடல் சாலையில் கட்டியது, அங்கே இல்லை. வெறும் கம்பு மட்டும் நின்றது.

மறுநாள் முழுக்க அதைத் தேடினார்கள். பேச்சித்தாய் துக்க வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்றார்கள் உறவுக்காரப் பெண்கள். அவள் மகாராஜனின் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். டீக்கடையில் கேட்டார்கள், பஞ்சர் கடையில் கேட்டார்கள். பைக்கில் போன ஒவ்வொருவனும் அவளுக்கு அந்தத் தாய்மாமனாகத் தெரிந்தான். அவனை அவள் பார்த்ததே இல்லை. கடைசியில் ஒரு வயற்காட்டு ஓரத்தில் ஆட்டுக் கொட்டகைக்கு மேலே ஐயம்பெருமாள் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். மழைக்கு ஒழுகாமல் இருக்க யாரோ விரித்திருந்தார்கள்.

"அது கெட்டியான சீட்டு அண்ணாச்சி, வீணாப் போகுதேன்னு எடுத்தேன்" என்றார் ஆட்டுக்காரர். "மேல வேற ஏதாவது போட்டுக் கொடுங்க, கொண்டு போங்க."

மகாராஜன் கடையிலிருந்து தார்ப்பாய் வரவழைத்துக் கொடுத்தான். பிளக்ஸைச் சுருட்டும்போது பிள்ளையின் முகத்தில் ஆட்டுப் புழுக்கை ஒட்டியிருந்தது. அதை அவன் விரலால் துடைத்தான். பிறகு, "வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸும் போட்டேன் மதினி" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "இருநூத்திச் சொச்சம் பேர் பாத்திருக்காவ."

வியாழக்கிழமை திருநெல்வேலியில், குழுவின் அறைக்கு வெளியே பெஞ்சில் பேச்சித்தாயும் மகாராஜனும் பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சித்தாய் முந்தின நாள் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை மடித்துக் கையில் வைத்திருந்தாள். வியர்வையில் ஓரம் நைந்துவிட்டது.

உள்ளே ஐந்து பேர். தலைவர் நரைத்த கொண்டை போட்ட அம்மாள். கடிதத்தை முழுக்கப் படித்தார்.

"நிபந்தனை உங்களுக்குத் தெரியும். வீட்டு ஆட்களுக்கு ஏன் சொல்லலை?"

பேச்சித்தாய் பதில் தயாராக வைத்திருந்தாள். லூசி சொல்லிக்கொடுத்த பதில். வாய் அதைச் சொல்லவில்லை.

"சொன்னா எங்க பிள்ளை இல்லைன்னு ஆயிரும்னு பயந்தோம்மா. ஊரை ஏமாத்தணும்னு இல்லை. எங்களையே ஏமாத்திக்கிட்டோம்."

"இனிமே?"

"துட்டி கேக்க வந்த அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டேன். நான் பெத்தவ இல்ல, தத்தெடுத்தவ இல்ல, வளக்கக் கொடுத்திருக்காவ, படத்தை யாரும் எங்கயும் போடக் கூடாதுன்னு. நேத்து மட்டும் முப்பது பேர்கிட்ட சொல்லியிருப்பேன். மகள்னு எழுதி ரெண்டு நாள்தான் இருந்திச்சு. நானே கழத்தச் சொன்னேன்."

மகாராஜன் எழுந்து நின்றான். "தப்பு என்னுதுங்கம்மா. எழுதி ஒப்பு போட்டுத் தாரேன். அபராதம் உண்டுன்னா கெட்டுதேன். பிள்ளையை மட்டும் மாத்திராதிய. அவ எங்க குடும்பத்துப் பிள்ளை." சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று பேச்சித்தாயைப் பார்த்தான்.

பிறகு அவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டார்கள். கதவு சாத்தியிருந்தது. பேச்சித்தாய் கதவின் கீழே தெரிந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அரைமணி நேரம் கழித்து முத்துராணி வந்தாள்.

"என்னட்டி கேட்டாவ?"

"வீட்ல யாரும் அடிக்காவளான்னு கேட்டாவ. இல்லைன்னேன். காலைல என்ன சாப்பிட்டன்னு கேட்டாவ."

"என்ன சொன்ன?"

"மறந்துட்டுன்னு சொன்னேன்."

"இட்லி தின்னியேட்டி."

"பயத்துல மறந்துட்டு அத்தை. போய்ச் சொல்லிட்டு வரட்டா?"

மகாராஜன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளை இப்போதைக்குப் பேச்சித்தாயிடமே இருக்கலாம். தாய்மாமன் நடமாட்டத்தைப் போலீஸ் மூலம் விசாரிப்பார்கள். பள்ளியிலிருந்து பேச்சித்தாயைத் தவிர யாரும் கூட்டிப்போகக் கூடாது. சந்தேகமான ஆள் தெருப்பக்கம் வந்தால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098. மூன்று மாதம் பார்த்துவிட்டு மறுபடி முடிவு செய்வார்கள்.

"மூணு மாசமா?" என்றாள் பேச்சித்தாய்.

"பிள்ளை நல்லா இருந்தா நீட்டிப்போம்" என்றார் தலைவர். "நீங்களும் கொஞ்சம் சாப்பிடுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் முத்துராணி அவள் தோளில் சாய்ந்து உறங்கினாள். முன் சீட்டில் சட்டைக் காலரை மடித்துவிட்ட ஒருவன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். பேச்சித்தாய் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடினாள். அவன் பத்தமடையில் இறங்கிப் போன பிறகும் எடுக்கவில்லை.

பையிலிருந்து புதிய உத்தரவை மெல்ல எடுத்துப் படித்தாள். வளர்ப்பவர் என்ற இடத்தில் முன்பு இரண்டு பெயர் இருக்கும்; இப்போது ஒன்று. காலம் ஒரு வருஷம் என்றிருந்தது, மூன்று மாதம் ஆகியிருந்தது. நிபந்தனைகள் ஏழாக இருந்தவை பதினொன்று. லூசி வந்து வீட்டைப் பார்வையிடும் நாள் மட்டும் பழையபடியே இருந்தது: மாதத்தின் முதல் புதன்கிழமை, மாலை நாலரை மணி.