மூக்கு எந்தப் பக்கம்?

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. சண்டை என்னுடையதல்ல, அக்காவுடையது. நான் போகும் கதை எழுதும் மாலை வகுப்பில் ‘வீட்டில் நடந்த ஒன்றை எழுதுங்கள்’ என்றார்கள். எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக எல்லாமே சாப்பாட்டு மேசை மேல்தான் நடக்கிறது, சாப்பாட்டைத் தவிர.

முதல் வாக்கியமாக எழுதியது: ‘மனிதனின் அறிவுத் தாகம் எல்லையற்றது.’ [அடித்துவிட்டேன். அக்காவுக்கு இருந்தது தாகமல்ல, பயம்.]

2

அக்கா ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. தேர்வு வைப்பார்களாம், தேறினால் அதே நாற்காலி, தவறினால் கிடங்கில் உறை ஒட்டும் வேலை. ஆனால் தேர்வுக்கு முன் இயந்திரத்தைத் தொட யாருக்கும் அனுமதியில்லை. வெளியே வாங்கலாமென்றால் எங்கள் கைக்கு எட்டாத சாமான்.

“அப்ப நாமளே ஒண்ணு செஞ்சுடுவோம்,” என்றார் மாமா, அக்காவின் கணவர். ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்.

“செய்யறதுக்கு அது என்ன ஸ்டூலா?” என்றாள் அக்கா.

“கம்பெனிக்காரனுங்க வரைபடம் புத்தகத்துல இருக்கு, அதைப் பார்த்து அப்படியே செய்யப்போறோம். ஈயம் வச்சு ஒட்டத் தெரிஞ்சா போதும்.”

(மாமா இதைவிட நிறையப் பேசினார். குறைத்திருக்கிறேன். நன்றி சொல்ல வேண்டாம்.)

பழைய சாமான் கடையில் பிடுங்கிய சிப்புகள், யாரோ காப்பி கொட்டிய கீபோர்டு, திரையாக, பக்கத்து வீட்டார் கைவிட்ட டிவி. எல்லாம் சேர்ந்தால் அசலின் நகல். வெளியிலிருந்து பார்த்தால்

[உவமை கிடைக்கவில்லை. கம்பி, கம்பி, கம்பி.]

3

சிப் என்பது கால் முளைத்த கறுப்புத் துண்டு. ஒரு முனையில் சின்னப் பள்ளம் இருக்கும். அக்கா அதற்கு ‘மூக்கு’ என்று பெயர் வைத்தாள். மூக்கு திசை மாறினால் சிப் கருகிவிடும். மாமா எதிரே உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல, அக்கா செருகிக்கொண்டே வந்தாள்.

“மூக்கு எந்தப் பக்கம்?”

“இடது.”

“இதுக்கு?”

“எல்லாத்துக்கும் இடதுதாம்மா.”

சுவிட்சைப் போட்டார்கள். படம் வரவில்லை, வாசனை வந்தது.

“நீங்கதானே இடதுன்னீங்க!”

“இடதுதான். நீ வலதுல வச்சிருக்கே. இடது கை எதுன்னே தெரியாதவ எங்கேருந்து பரீட்சை எழுதி...”

அந்த வாக்கியத்தை மாமா முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை. அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

[இங்கே மாமாவை வில்லனாக்கப் பார்த்தேன். ஆனால் அவர் தனியாக உட்கார்ந்து, கருகிய சிப்புகளை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதினால் சரியாகாது என்று அவருக்குத் தெரியாதா? வில்லன் கையைவிட்டுப் போனான்.]

4

மறுநாள் காலை அக்கா மேசையில் டீயை வைத்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “டீ இடது பக்கம் இருக்கு.”

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் மாமா கையை நீட்டித் துழாவினார். “இங்க ஒண்ணும் இல்லையே?”

“இடதுலங்கறேன், காது கேக்கலையா?”

இரண்டு பேரும் டம்ளரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உன் இடது,” என்றார் மாமா மெல்ல.

“உங்க இடது,” என்றாள் அக்கா. முதலில் சிரித்தது அவள்தான்.

(உண்மையில் அது டீ அல்ல, உப்பு ஜாடி. உப்பு ஜாடியைத் தேடுகிறவரிடம் வாசகருக்கு இரக்கம் வராது என்று மாற்றினேன்.)

“இவ்வளவு வேகமா சிப் தின்னுற வீட்டை நான் பார்த்ததே இல்ல,” என்றபடி பழைய சாமான் கடைக்காரர் மறுபடி பிடுங்கிக் கொடுத்தார். மாமா தன் நாற்காலியை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இந்த முறை டிவியில் வெள்ளைக் கட்டம் ஒன்று மின்னி மின்னி மறைந்தது. அக்கா பயந்து பயந்து ஒரு விரலால் தன் பெயரை அடித்தாள். பிறகு மாமா பெயரை. பிறகு அவர் பெயருக்கு முன்னால் ஒரு வசவு.

5

முடிவு, முதல் வரைவு: அக்கா தேறினாள், மேலதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். [எந்த மேலதிகாரி?]

இரண்டாவது: அக்கா தவறினாள், ஆனாலும் தன்னம்பிக்கை என்னும்

[இதை அக்கா படித்தால் என்னை உறை ஒட்ட அனுப்புவாள்.]

தேர்வு நாளைக்கு. கதையை இன்று கொடுக்க வேண்டும். அவளிடமே போய்க் கேட்டேன்.

“அக்கா, முடிவை என்னன்னு எழுத?”

“நாளைக்கு நான் எழுதப்போறதை நீ ஏன்டா இன்னிக்கே எழுதுற? தள்ளு, வெளிச்சத்தை மறைக்கிற.”

தள்ளி நின்றேன். நீங்கள் வேண்டுமானால் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பாருங்கள். பேச மட்டும் வேண்டாம். இப்போது பத்து விரலாலும் அடிக்கிறாள்.