களத்தில் இல்லாத வரி

"அக்கா, அவர் நேர அரிசி வாளிக்குள்ளதான் கையை விட்டவர்," என்றாள் வேணுகா.

துன் நகரில் தான் வேலை செய்யும் ஹோட்டலிலிருந்து தொலைபேசியில் பேசினாள். அவளுடைய வதிவிட அட்டையும் பிள்ளையின் கடவுச்சீட்டும் இப்போது கணவனின் கையில். அடிக்கிற கணவனை விட்டுப் போனால் சுவிசில் இருக்க விடுவார்களா என்று எங்கள் இணையக் களத்துக்கு அவள் எழுதிக் கேட்டு ஒரு கிழமைதான் ஆகியிருந்தது.

அது 2012. களத்துக்கு நானும் ஜெயந்தியும் மட்டுறுத்துநர்கள். இப்படியான கேள்விகள் என் மின்னஞ்சலுக்கு வரும். நான் ஜெயந்திக்கு அனுப்புவேன். அவள் பெயரையும் ஊரையும் மாற்றி, ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடியதை வெட்டிவிட்டுக் களத்தில் போடுவாள். வேணுகாவை 'வில் நகரிலிருந்து ஒரு சகோதரி' ஆக்கியதும் அவள்தான்.

யாரோ கணவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். எனக்கு உடனே சச்சிதானந்தன்மேல்தான் சந்தேகம் போனது. அட்லிஸ்விலில் இருந்துகொண்டு ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் வந்து சண்டை கொழுவுகிறவர். இதற்கும், "வில்லில எந்த வீடு எண்டு விசாரிச்சுச் சொல்லட்டோ?" என்று நக்கல் எழுதியிருந்தார். ஏற்கெனவே மூன்று தரம் எச்சரித்த ஆள். நிரந்தரமாகத் தடை செய்தேன். ஜெயந்தியிடம் சொன்னபோது, எப்பவோ செய்திருக்கவேணும் என்றாள்.

அன்று மத்தியானமே சச்சிதானந்தன் தொலைபேசி எடுத்தார். தன் வாய் கெட்ட வாய்தான், ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் விளையாடமாட்டேன் என்றார். நான் வாளிக் கதையைச் சொன்னேன்.

"என்ன வாளி, அக்கா?"

"அரிசி வாளி. அதுக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறன் எண்டு அவள் எழுதினவள்தானே."

"எங்க எழுதினவ? களத்தில அப்பிடி ஒண்டும் இல்லையே."

பதிவைத் திறந்து மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். வாளி இல்லை. அந்த வரியை ஜெயந்தி வெட்டியிருந்தாள். வேணுகா எழுதியதை முழுதாக வாசித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

எனக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது வீட்டுக் கதவுத் திறப்பை நான் கொடுத்து வைத்தது ஜெயந்தியிடம்தான். மறுப்பாள் என்று நினைத்துத்தான் அழைத்தேன். மறுக்கவில்லை.

"அவளின்ர மச்சாள், புருசன்ர தங்கச்சி, என்னோட வேலை செய்யிறவள். அவளுக்கு மட்டும்தான் சொன்னனான். ஒரு குடும்பம் உடையேக்க பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

"ஏன் போகப்போறாள் எண்டதையும் வாசிச்சனிதானே?"

"ஆர் வீட்டில சண்டை இல்லை? நல்லதுக்குத்தான் அக்கா சொன்னனான்."

"சச்சியை நான் தடை செய்யேக்க பேசாமல் இருந்தனி."

"அவர் எப்பிடியும் தடை செய்யவேண்டிய ஆள்தானே."

அவளை நிர்வாகத்திலிருந்து நீக்கினேன். சச்சிதானந்தனின் தடையை எடுத்து, மன்னிப்பும் கேட்டு எழுதினேன். பிறகு ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததை ஒன்றும் விடாமல் வேணுகாவிடம் சொன்னேன்.

"நான் உங்கட மின்னஞ்சலுக்குத்தானே அனுப்பினனான்?" என்றாள்.

"ஓம்."

"இன்னொரு ஆளும் வாசிப்பா எண்டு சொன்னனீங்களோ?"

சொல்லவில்லை. எழுதிக் கேட்ட எந்தப் பெண்ணுக்கும் நான் அதைச் சொன்னதில்லை; ஜெயந்தியை இன்னொரு ஆளாக நான் எண்ணியதே இல்லை. பெண்களுக்கு உதவும் அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தை வாசிக்கத் தொடங்கினேன்.

"வேண்டாம், அக்கா," என்றாள். "அதை நான் வேற ஆரிட்டையும் கேட்டு எடுக்கிறன்."